நூறு கேட்டால் ஐந்நூறு

திருப்பதியிலிருந்து தடா வரைக்கும் ஏடிஎம்களுக்குப் பணம் நிரப்பியவர்களில் விசிறி அண்ணனைவிட மெதுவான மனிதர் கிடையாது. ஒவ்வொரு நோட்டுக் கட்டையும் விசிறிபோல் விரித்து உதறுவார். புது நோட்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தால் மெஷின் தடிமனைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுமாம். அவருடைய சொந்தப் பெயர் வேன் டிரைவருக்கே தெரியாது.

நான் சேர்ந்து மூன்று வாரம். புதிதாக வந்தவன் ஒரு தப்பு செய்தால் மறுநாள் வீட்டில் இருப்பான். எனக்கு முன் இரண்டு பேர் அப்படிப் போயிருந்தார்கள்.

அன்று சத்தியவேட்டில் கொலைப்பசி. அண்ணன் பத்தாவது கட்டை உதறிக்கொண்டிருந்தார். பி.காம். படித்த வேகத்தில் மிச்சத்தை நானே பெட்டிகளில் அடைத்தேன்.

தடா போய்ச் சேர்வதற்குள் போன். நூறு கேட்டால் ஐந்நூறு வருகிறதாம்! நோட்டைப் பார்த்து மெஷின் மதிப்புப் போடுவதில்லை. நூறு ரூபாய்ப் பெட்டியில் எதைப் போட்டாலும் அதற்கு நூறுதான்.

திரும்பி வந்தால் வாசலில் திருவிழாக் கூட்டம். ஐந்நூறு கேட்டு நூறு வாங்கிய ஒருவர் மட்டும் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“தள்ளுங்கப்பா, மெஷினை நிறுத்தணும்” என்றார் அண்ணன்.

“இன்னா பெர்சு, நாங்க வெயில்ல நின்னுக்கினு கீறோம், நீ நேரா பூடுவியா?”

“லைன்லோ ரண்டி சார்!” என்று வரிசைக்குக் கூப்பிட்டது ஒரு தெலுங்குக் குரல்.

அண்ணன் போய் நின்றார். நிஜமாகவே, கடைசி ஆளாக!

“அண்ணா, என் வேலை பூடும்ணா!”

“இருடா.” முன்னால் நின்ற பெண்ணிடம் நிதானமாகச் சொன்னார்: “எடும்மா, நல்லா எடு. உள்ள பேப்பர் ரோல்ல உன் கார்டு நம்பர் ஏறிக்கினே கீது. நாளைக்கு பேங்க்காரன் உன் கணக்குலயே புடிச்சுக்குவான்.”

செய்தி வரிசையின் தலைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நிமிடத்தில் வரிசையே இல்லை. அண்ணன் மெஷினை நிறுத்தினார்.

மறுபடி போன். “யாருய்யா லோட் பண்ணது?” என்றார் மேனேஜர். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் போனைப் பிடுங்கிவிட்டார். அவர் வேகமாகச் செய்து நான் பார்த்த ஒரே காரியம் அதுதான்.

“நான்தான் சார். கண்ணு சரியா தெரியல.”

பதினைந்து நாள் சம்பளம் போயிற்று.

“ஏன்ணா இப்படி?” என்றேன் வேனில்.

“எனக்கு பாதி சம்பளம், உனக்கு முழு வேலை. எது பெர்சு? நீதான பி.காம்.? கணக்குப் போடு.”

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். திருப்பதி வருவதற்குள் தோள் மரத்துவிட்டது. நான் அசையவில்லை.