இருபத்தொரு நாள் பத்தியம்

பேச்சாளனுக்கு நெஞ்சில் சளி கட்டலாம். பட்டிமன்றத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கட்டக் கூடாது. எனக்குக் கட்டியது.

தேக்கா வட்டாரத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் வருடத்துக்கு ஒரு பட்டிமன்றம் நடத்தும். இந்த வருடத் தலைப்பு, இல்லத்தில் இறுதி முடிவு கணவனுடையதா மனைவியுடையதா. கணவன் அணிக்குத் தலைவன் நான். பத்து வருடமாக நாற்காலி அடுக்கி, மைக் சோதித்து, மாலை வாங்கிவந்து, முதன்முறையாகக் கிடைத்த தலைமை. பேச்சு தயார். குரல்தான் தயாரில்லை. "பெரியோர்களே" என்று தொடங்கினால் 'பெரி'க்கும் 'யோர்'க்கும் நடுவில் நாலு இருமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் மனைவி பஞ்சவர்ணம் என்னைப் பாலிகிளினிக் என்ற அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் கூட்டிக்கொண்டு போனதை மேடையில் சொல்ல மாட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

டாக்டருக்கு என் இருமலைவிடக் கொஞ்சம்தான் வயது அதிகம். முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். சிகரெட் உண்டா என்றார். எப்பவாவது என்றேன். "ஒரு நாளைக்கு எட்டு" என்று பஞ்சவர்ணம் எனக்காகத் திருத்தினாள். பிறகு தீர்ப்பு. அக்யூட் பிராங்கைட்டிஸ், அதாவது மூச்சுக்குழாயில் அழற்சி. பெரும்பாலும் வைரஸின் வேலை, ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பயனில்லை, தானாகச் சரியாகும், இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கலாம்.

தானாகச் சரியாகுமாம். அதைச் சொல்ல ஒரு டாக்டர், அவருக்கு ஒரு அறை, அறைக்கு வெளியே ஒரு நம்பர் பலகை. ஊசி இல்லை. கலர் மருந்து இல்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, பத்தியம் இல்லை. புளி சேர்க்கலாமா, கத்தரிக்காய் ஆகுமா என்று நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன். உங்கள் விருப்பம் என்றார். பத்தியம் சொல்லத் தெரியாத ஒருவரிடம் என் நெஞ்சைத் திறந்து காட்டியிருக்கிறேன்.

கையில் கிடைத்தது மூன்று நாள் எம்சி என்ற மருத்துவ விடுப்பு, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், ஆங்கிலத்தில் ஒரு தாள். தாளின் உச்சியில் இரண்டு நுரையீரல்கள் கைகோத்துச் சிரித்துக்கொண்டிருந்தன. ஐம்பத்தாறு வயது மனிதனுக்குச் சிரிக்கிற நுரையீரல். படிக்காமலே கசக்கி வீட்டுக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"அதுல எல்லாம் போட்டிருக்கு. சிகரெட்ட விடணும், வெந்நி குடிக்கணும், படுத்து ரெஸ்ட் எடுக்கணும்" என்றாள் பஞ்சவர்ணம்.

"அதுக்குப் பேரு வைத்தியமா? எனக்கு ஆன்டிபயாட்டிக் வேணும். இந்த வீட்ல முடிவு எடுக்கிறது யாரு?"

"நீங்கதான்."

அவ்வளவு சீக்கிரம் அவள் ஒப்புக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வெற்றியைக் கொண்டாடச் சிகரெட்டோடு கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாளும் அங்கே நின்றபோதுதான் அடுத்த வீட்டு அப்துல் கஃபார் பாய் வேனை நிறுத்த வந்தார். தேக்காவில் அவருக்கு மளிகைக் கடை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், நிதானமானவர், பொய் பேசத் தெரியாதவர் என்று எங்கள் அடுக்குமாடி பிளாக் முழுக்கப் பெயர். அந்தப் பெயரைக் கொடுத்தவர்களை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரின் லட்சணத்தை அவரிடம் கொட்டித் தீர்த்தேன். இருமல் இடைவேளைகளோடு கால் மணி நேரம் ஆனது. பாய் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார்.

"ஊர்லேர்ந்து ஒரு மாத்திரை வந்திருக்கு தம்பி. இங்க எங்கயும் கிடைக்காது. ஆனா வேணாம் லா. உங்களால முடியாது."

"ஏன் முடியாது?"

"பத்தியம் ரொம்பக் கடுமை. இருபத்தொரு நாளு."

பத்தியம். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே பாதிச் சளி இளகியது. மருந்து என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும். மனிதனை மிரட்ட வேண்டும். உன்னால் முடியாது என்று சவால் விட வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அரைமனதாக வேனின் டாஷ்போர்டைத் திறந்து, லேபிள் இல்லாத ஒரு பழுப்பு பாட்டிலை எடுத்தார். உள்ளே இருபத்தொரு வெள்ளை மாத்திரைகள். பிறகு பத்தியத்தைச் சொன்னார், நான் போனில் குறித்துக்கொண்டேன். புகை ஆகாது, சிகரெட்டைத் தொடவும் கூடாது, பிடிப்பவன் பக்கத்தில் நிற்கவும் கூடாது. மணிக்கு ஒரு டம்ளர் வெந்நீர். மதியம் இரண்டு மணி நேரம் படுக்கை. படுக்கும்முன் ஒரு கரண்டி தேன். கொசுவர்த்தி, சாம்பிராணி ஆகாது. இருமினால் வாயை மூடி, கையைக் கழுவ வேண்டும். கடைசியாகக் குரலை இன்னும் தாழ்த்தினார். காய்ச்சல் விடாவிட்டால், மூச்சு வாங்கினால், சளியில் ரத்தம் தெரிந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். அத்தனை வீரியமான மருந்து.

"முக்கியமா தங்கச்சிக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடும்" என்றார்.

தெரியவிடுவேனா?

அன்றிலிருந்து என் வீட்டில் நான் திருடனாக வாழ்ந்தேன். என் கஷ்டத்தை யோசித்துப் பாருங்கள். பஞ்சவர்ணம் சொன்ன வெந்நீரைப் பத்தியத்துக்காக நான் குடித்தாக வேண்டும். ஆனால் அவள் சொல்லிக் குடித்ததாக ஆகிவிடக் கூடாது. ஷேவ் பண்ண வெந்நீர் என்றேன். முதல் நாள் நம்பினாள். இரண்டாம் நாள், ஒரு நாளைக்கு ஒன்பது தடவையா ஷேவ் பண்ணுவீங்க என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். மதியம் படுக்கையறைக் கதவைச் சாத்தி, பேச்சுக்குக் குறிப்பு எழுதுவதாகச் சொல்லிப் படுத்துக் கிடந்தேன். எம்சி முடிந்தும் விடாமல், வருட விடுப்பில் மிச்சமிருந்ததையெல்லாம் போட்டுப் படுத்தேன். தேனை என் உள்ளாடை அலமாரியில் ஒளித்து வைத்ததில் எறும்பு வந்து நான் பட்ட பாட்டை இங்கே சொல்வதற்கில்லை.

அவளும் சும்மா இல்லை. நாலாம் நாள், பனிக்கட்டி மிதக்க மிதக்க ஒரு கிளாஸ் பாண்டோங், அதாவது ரோஜாப் பால், கொண்டுவந்து நீட்டினாள். உங்களுக்குத்தான் வெந்நி பிடிக்காதே என்றாள். அவள் திரும்பியதும் தொட்டியில் ஊற்றினேன். பத்தாம் நாள் என் சிகரெட் பாக்கெட்டைத் துடைத்து, லைட்டரோடு காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் பாம்பைக் கண்டவன்போல நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"என்ன, குடிக்கலையா?"

"மனசில்ல."

"சரி, உங்க இஷ்டம்."

பாவம், ஒன்றும் புரியாமல் விழிக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் சிரித்தேன். சிரித்தால் இருமல் வரும் என்பதால் அளவாகச் சிரித்தேன்.

முதல் வாரக் கடைசியில் காய்ச்சல் இல்லை. இரண்டாம் வாரம் சளி குறைந்தது. மூன்றாம் வாரம் 'பெரியோர்களே' ஒரே மூச்சில் வந்தது. தானாகச் சரியாகும் என்ற டாக்டரை நினைத்துக்கொண்டேன். என் மாத்திரை சரிசெய்ததை அவர் கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறார், பாருங்கள்.

இருபத்திரண்டாம் நாள், சனிக்கிழமை மாலை, தேக்கா. மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் பஞ்சவர்ணம். அவள் பக்கத்தில் கஃபார் பாயின் மனைவி பதுருன்னிசா. அதற்கடுத்து பாய், தன் செருப்பை ஆராய்ந்தபடி.

நான் எழுந்தேன். குரல் கணீரென்று போனது. எழுதிவைத்த பேச்சைத் தூக்கி எறிந்துவிட்டு என் சொந்தக் கதையையே சாட்சியாக வைத்தேன். டாக்டர் ஒன்று சொன்னார், மனைவி அதையே சொன்னாள், நான் இரண்டையும் குப்பையில் போட்டேன். நானே மருந்தைத் தேர்ந்தெடுத்தேன், நானே பத்தியம் காத்தேன், இதோ நிற்கிறேன். சட்டைப்பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து உயர்த்திக் காட்டினேன். பதுருன்னிசா இருமினார். எனக்கு வந்தது அவருக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று இரக்கப்பட்டேன். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது.

எதிரணித் தலைவி வித்யா எழுந்தாள். எங்கள் சங்கத்திலேயே இளையவள், சட்டம் படித்தவள். கையில் ஒரே ஒரு தாள்.

"சார், அந்தப் பத்தியம் என்னென்னன்னு வரிசையா சொல்ல முடியுமா? எங்க எல்லாருக்கும் பயன்படும்."

பெருமையாகச் சொன்னேன். புகை. அவள் தாளைப் பார்த்துத் தலையசைத்தாள். வெந்நீர். தலையசைத்தாள். படுக்கை, தேன், கொசுவர்த்தி. ஒவ்வொன்றுக்கும் பேனாவால் ஒரு டிக். இருமினால் கை கழுவுவது என்றபோது பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ரத்தம் தெரிந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று நான் முடித்தபோது மண்டபமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வித்யா தாளைத் திருப்பிக் காட்டினாள். கசங்கிய தாள். யாரோ இஸ்திரி போட்டிருந்தார்கள். அதன் உச்சியில் இரண்டு நுரையீரல்கள் கைகோத்துச் சிரித்தன.

"கணவர் குப்பையில போட்டது இது. மனைவி எடுத்து, தமிழ்ல மாத்தி, பக்கத்து வீட்டு ஐயா வாயில வெச்சு அனுப்பினாங்க. ஒண்ணு விடாம செஞ்சிருக்கார். இறுதி முடிவு யாரோடதுன்னு நான் வேற பேசணுமா?"

உட்கார்ந்துவிட்டாள். நடுவர் தீர்ப்புச் சொல்ல எழக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை மனைவி அணிப் பக்கம் நீட்டினார். நான் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தேன். பிறகு பாயைப் பார்த்தேன். அவர் இன்னும் செருப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதுருன்னிசாதான் இரக்கப்பட்டுச் சொன்னார்.

"அது என் கால்சியம் மாத்திரைதான் தம்பி. எலும்புக்கு நல்லது."

ரயிலில் எங்கள் செங்காங் நிலையத்துக்கு வந்து இறங்கினோம். பாயும் பதுருன்னிசாவும் வேனில் போய்விட்டார்கள், என் கண்ணில் படாமல். எனக்கு அவமானமாக இருந்தது. டாக்டர், தாள், பாய், மனைவி, எலும்பு, எல்லோர் மேலும் கோபம் வந்தது. பிளாக்குக்குக் கீழே வந்ததும் நின்றேன். சட்டைப்பையில், பத்தியம் முடிந்ததைக் கொண்டாட வாங்கிய புது பாக்கெட் இருந்தது. எனக்கென்று மிச்சமிருந்த ஒரே முடிவு அது.

"நான் சிகரெட் குடிக்கப் போறேன். யாரும் தடுக்க முடியாது" என்றேன்.

பஞ்சவர்ணம் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தாராளமா குடிங்க. நான்தான் சொல்றேனே, குடிங்க."

நான் சொல்றேனே! ஊர் கூடிச் சிரித்த இதே நாளில், இவள் சொல்லி நான் ஒன்றைச் செய்வதா? முப்பது வருடத்தில் இவளுக்கு என்னைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்ததா? பிரிக்காத பாக்கெட்டை அவள் கண்ணெதிரே குப்பைத்தொட்டியில் வீசினேன். இனி தொடுவதில்லை என்று உரக்கச் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தேன். இந்த முடிவு முழுக்க முழுக்க என்னுடையது.

பின்னால் பஞ்சவர்ணம் போனில் பேசுவது கேட்டது.

"பதுரு அக்கா, குப்பையில போட்டுட்டாரு லா."