இடமிருந்து வலமாக ஒரு ஜெனரல்

ஓய்வுபெற்றும் ஓயாத ஜெனரல் என்றொரு இனம் உண்டு. பட்டாளத்தில் இருந்தவரை இது ஜெனரலே இல்லை. கர்னலாகவே காலம் தள்ளி, வீட்டுக்கு அனுப்பும் நாளன்று பூங்கொத்தோடு சேர்த்து ஒரு நட்சத்திரத்தையும் தோளில் குத்தி அனுப்புவது எங்கள் ருமேனியாவில் வழக்கம். மறுவாரமே விமானக் கம்பெனிகள் இதை "வாங்க, வாங்க" என்று அழைக்கும். ஏன்? அமைச்சகத்தில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று இதற்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

க்ரயோவாவில் ஒரு சிறு கம்பெனிக்குத் தலைவராக வந்த ஹொரியா வ்லேடெஸ்கு இந்த இனத்தின் கொழுத்த மாதிரி. எஞ்சினியர்கள் தினமும் காலையில் வரிசையில் நின்று, "விசேஷம் ஒண்ணுமில்லைங்கய்யா" என்று அறிக்கை கொடுக்க வேண்டும், விசேஷம் இருந்தாலும் அப்படித்தான் கொடுக்க வேண்டும், யாராவது மென்பொருளை விளக்கப் போனால், "நான் மிக் போர் விமானம் ஓட்டினவன்ப்பா!" என்று வாயை அடைத்துவிடுவார். ஓட்டியது உண்மைதான். கடைசியாக எப்போது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அங்கே தலைமை எஞ்சினியர் ஸ்மரண்டா. டான்யூப் வெள்ளத்தில் கூரைமேல் தவிப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆளில்லா விமானம் ஒன்றைத் தூக்கம் தொலைத்து உருவாக்கியிருந்தாள். அமைச்சர் முன்னால் அது பறந்தால் அரசாங்கம் வாங்கும். விழுந்தால் திட்டத்துக்கு மூடுவிழா.

அந்த நாளும் வந்தது. விருந்தினர் மேடையில் அமைச்சர் அமர்ந்திருந்தார். மேடையைத் தாண்டிக் கரியடுப்பில் மிதிதேய் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. விமானத்தை வீசியெறியும் லாஞ்சர் மேடைக்கு இடப்புறம் நின்றது. காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்த ஸ்மரண்டா ஜெனரலிடம் ஓடினாள்.

"ஜெனரல் ஐயா, காத்து பின்னாலேருந்து அடிக்குது. எதிர்காத்துல விட்டாத்தான் எழும்பும். லாஞ்சரைத் தூக்கி அந்தக் கோடிக்குக் கொண்டுபோய், இந்தப் பக்கம் பார்த்து ஏவிடலாம்."

"அப்படின்னா எப்படிப் போகும்?"

"மேடைக்கு வலமிருந்து இடமா."

ஜெனரலின் மீசை துடித்தது. "அணிவகுப்புன்னா இடமிருந்து வலம்தான்! அந்தப் பக்கம் திரும்பிப் போறது தோத்து ஓடுற படைம்மா!"

"இது படை இல்லைங்கய்யா. விழுந்துடும்."

"விழாது. உத்தரவு போடறேன்ல?"

உத்தரவு காற்றின் காதில் விழவில்லை. விமானம் இடமிருந்து வலமாக, வெகு ஒழுங்காக, அமைச்சரைக் கடந்துபோய்க் கரியடுப்பில் மூக்கைக் குத்தியது. ஸ்மரண்டா ஓடிப்போய், கருகிய இறக்கைத் துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதாள். ஜெனரல் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"திசை தவறலைங்கய்யா!"

அமைச்சர் தலையாட்டினார். பிறகு விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைவர் யார் என்றா கேட்கிறீர்கள்? நம்மவரேதான். குற்றவாளி காற்று என்று முடிவாயிற்று, திட்டத்தை மூடினார்கள், ஸ்மரண்டா வேலையை விட்டாள். வெட்கங்கெட்ட கூட்டம்!

அடுத்த வசந்தத்தில் டான்யூப் கரையை உடைத்தது. கூரைமேல் ஏறி நின்றவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் வரவில்லை. ஜெனரல் அப்போது ஒரு செயற்கைக்கோள் கம்பெனிக்குத் தலைவராகி, காலை அறிக்கை வாங்கிக்கொண்டிருந்தார். விசேஷம் ஒன்றுமில்லை.

அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் உங்களிடமும் ஒருத்தி அண்மையில், "காத்து சரியில்லைங்க" என்று சொன்னாளே, அப்போது நீங்கள் பார்த்தது காற்றையா, மேடையையா?