கை இல்லாத ரிவால்வர்

அந்த மான் என்னை நான்கு வருடமாக முறைத்துக்கொண்டிருக்கிறது. இனி ஒருநாள்கூடப் பொறுப்பதில்லை என்று அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பி குடிப்பதற்கு முன்பே முடிவு செய்தேன்.

மான் என்றால் துள்ளி ஓடும் புள்ளிமான் இல்லை. எங்கள் மொன்டானா மலைகளில் திரியும் எல்க். கொம்பு மட்டும் நாலடி அகலம். என் மாமனார் கஸ் அதைச் சுட்டு, தலையைப் பாடம் செய்து, கல்யாணப் பரிசாகக் கொண்டுவந்து, கணப்படுப்புக்கு மேலே தானே ஆணி அடித்து மாட்டினார். எங்கள் வீட்டில் உருப்படியான சுவர் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஜன்னல். மானுக்கும் மாமனாருக்கும் ஒரே பார்வை: 'இவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம்?'

எனக்கும் ஒரு குடும்பச் சொத்து உண்டு. என் எள்ளுத்தாத்தா இடுப்பில் செருகிக்கொண்டு மாடு மேய்த்த ரிவால்வர். அது காலுறைகளுக்கு நடுவே கிடந்தது. குறை ஒன்றுதான். குண்டு போடும் உருளையை ஒவ்வொரு தடவையும் அடுத்த துளைக்குத் திருப்பிவிடுகிற சின்ன எஃகுத் துண்டு உடைந்திருந்தது. துப்பாக்கிக்காரர்கள் அதைக் 'கை' என்பார்கள்.

"ட்ரூடி, அந்த மானை இறக்கப்போறேன். அங்க எங்க தாத்தா துப்பாக்கி தொங்கும்."

என் மனைவி முட்டையைத் திருப்பிப் போட்டாள். "அது சுத்துமா?"

"இப்போ சுத்தாது."

"வேல செய்யாத எதுவும் என் சுவத்துல தொங்காது, ஹார்லன்."

"மான் மட்டும் என்ன வேல செய்யுது?"

"எங்கப்பா வந்தா அவரைப் பெருமையா உக்கார வைக்குது. அது லேசான வேலையா? சரி, அடுத்த மாசம் நன்றித் திருநாள் வான்கோழி விருந்துக்குள்ள உன் துப்பாக்கியை ஓட வை. மானை இறக்க நான் குறுக்க நிக்கல. ஆனா அப்பாவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்! பயமா எனக்கு?"

நான்கு வருடத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில்லை. கோபத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

தபாலில் ஒரு கை வரவழைத்தேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒருவன் உட்கார்ந்து அரத்தால் ராவிப் பொருத்தினான். அதனால் புதுக் கை சற்றுப் பெரிதாகவே வரும். நாம்தான் கொஞ்சம் ராவ வேண்டும். கோபக்காரன் அரத்தைத் தொடக் கூடாது. நான் தொட்டேன். முதல் கை பல்குத்தும் குச்சியானது. இரண்டாவது அதுகூட ஆகவில்லை.

மாமனார் தொலைபேசியில் கூப்பிட்டார். "என்ன மாப்ள, உங்க வம்சத்துலயே காலேஜுக்குப் போன மொத ஆளாமே நீ? அங்க அரம் பிடிக்கச் சொல்லித் தரலயா?"

ரிசீவரைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. சனிக்கிழமை துப்பாக்கிச் சந்தைக்குக் கிளம்பினேன்.

கண்காட்சி மைதானத்தில் ஐம்பது மேஜை. மேஜைக்கொரு தாடி.

"கை இருக்கா?"

"எந்த வருஷத்துக்கு?"

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தெட்டு."

"எண்பத்தொண்ணுக்கு இருக்கு."

"மூணு வருஷம்தானே வித்தியாசம்?"

"என் பொண்டாட்டிக்கும் அவ தங்கச்சிக்கும்கூட மூணு வருஷம்தான் வித்தியாசம். மாத்திக்க முடியுமா?"

எல்லாத் தாடியும் கடைசி மேஜையைக் காட்டின. அங்கே டெல்பர்ட் இருந்தார். முன்னால் ஓர் அட்டை: 'விற்பதில்லை. மாற்றிக்கொள்வேன்.' காசு செலவாகிவிடும், பழைய பொருள் திரும்பி வராது என்பது அவர் கொள்கை. எண்ணெய்த் துணியைப் பிரித்தார். உள்ளே நூற்றுச் சொச்சம் வயதான அசல் கை, தேயாமல்.

"எங்கிட்ட குதிரைச் சேணம் இருக்கு," என்றேன்.

"எங்கிட்ட ஆறு இருக்கு."

"தூண்டில்?"

"எனக்கு மீன் பிடிக்காது." தாடியைச் சொறிந்தார். "உங்க வீட்ல எல்க் தலை ஏதும் இருக்கா தம்பி?"

அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காததுதான் பாக்கி.

மறுநாளே மான் அவர் வண்டியில் ஏறியது. மூன்று நாள் ஷெட்டை விட்டு நான் வெளியே வரவில்லை. புதன் இரவு கையைப் பொருத்தினேன். கிளிக், கிளிக். உருளை சுற்றியது! வியாழன் விருந்து. சட்டைப்பைக்குள் ரிவால்வரும் வாயில் ஆணியுமாகக் கூடத்துக்குள் நுழைந்தேன்.

சுவர் நிறைய, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுப்போர்வை தொங்கியது. சிவப்பும் நீலமுமாக, விளிம்புக்கு விளிம்பு.

ஆணியைத் துப்பினேன். "இது என்ன?"

"ரெண்டு வருஷமா லோர்னா வீட்ல உக்காந்து தெச்சது. மூணு நாளா சுவர் காலியா இருந்துச்சு. மாட்டிட்டேன்."

"எந்த லோர்னா?"

"டெல்பர்ட் பொண்டாட்டி. அவருக்கு எல்க் தலைன்னா உசுரு, ஆனா கேக்கக் கூச்சம். கூசாம கேக்கச் சொல்லுன்னு லோர்னாகிட்ட நான்தான் சொன்னேன்."

"அடிப்பாவி! நீயே இறக்கியிருக்கலாமே!"

"எங்கப்பா மாட்டினதை நான் எப்படி இறக்குறது?"

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார்.

"என் மான் எங்க?"

"ஹார்லன்கிட்ட கேளுங்கப்பா."

"மாத்திட்டேன்!" என்று கத்தினேன். "ஒரு கைக்கு!"

"முழு எல்க்கைக் குடுத்துட்டு ஒரு கையா? போய்க் கொண்டு வா! அதுவரைக்கும் இந்த வான்கோழி மேல கத்தி படாது!"

எங்கள் வீட்டில் வான்கோழியை அவர்தான் வெட்ட வேண்டும். பதினோரு பேர் தட்டோடு என்னையே பார்த்தார்கள். வண்டியை எடுத்தேன்.

"நான் விக்கிறதில்லையே," என்றார் டெல்பர்ட். அவர் கண் என் சட்டைப்பையில் இருந்தது. "அந்தக் கைக்குப் பொருத்தமான துப்பாக்கி என்னிக்காவது வரும்னு பதினேழு வருஷமா காத்திருந்தேன் தம்பி. அதுவும் ஓடுற நிலைமையில!"

ரிவால்வரைக் கொடுத்துவிட்டு மானை இழுத்துக்கொண்டு திரும்பினேன். என்ன ஆனாலும் அந்தப் போர்வையையாவது மாமனார் பிய்த்து எறிவார் என்று ஒரு கொடூர நம்பிக்கை. அவரோ அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் உன் மாமியாரோட சட்டைத் துணி, மாப்ள," என்றார். "கண்ண மூடுறதுக்கு முன்னாடி போட்டிருந்த நீலம்கூட இருக்கு. இது இங்கயே இருக்கட்டும்."

"அப்போ மான்?"

"ஷெட்ல மாட்டு," என்றாள் ட்ரூடி. "ராவுறதுக்குத்தான் இனி ஒண்ணும் இல்லையே."

கொம்பு ஷெட் கதவுக்குள் நுழையவில்லை. மறுநாள் காலை பல்லைக் கடித்துக்கொண்டு ரம்பத்தோடு போனேன். எவ்வளவு அகலம் அறுக்க வேண்டும் என்று கதவு நிலையில் சாக்பீஸ் கோடு ஏற்கெனவே போட்டிருந்தது, கீழே ட்ரூடியின் கையெழுத்தில் அக்டோபர் மாதத் தேதியோடு.