கேண்டிடாவுக்கு ஒரு பால்குடம்

கேக் தட்டு மோகனாவின் மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தது. பினாங்கு துறைமுகத்துக்கு எதிரே உள்ள சரக்கு அலுவலகத்தில் அன்று ஆண்டுக்கடைசி விருந்து. தட்டைத் தூக்கி வந்தவள் பிரமிளா. அவள் ஒரு தட்டைத் தூக்கினால் அது காலியாகாமல் கீழே இறங்காது.

மோகனா பத்தியம் தொடங்கி இரண்டே நாள் ஆகியிருந்தது. வயிற்று உப்புசமும் அரிப்பும் ஒரு வருடமாக அவளை ஆட்டிப் படைத்தன. கடைசியில் ஒரு கிளினிக்கின் உணவு ஆலோசகர் ஷாஹிரா, கேண்டிடா என்ற பூஞ்சை உள்ளே மண்டிக் கிடக்கிறது என்று சொல்லி ஒரு பட்டியலை நீட்டினாள். ஆறு வாரத்துக்குச் சீனி, சோறு, ரொட்டி, பழம் எதுவும் கூடாது. மாவு புளிக்கிறது என்பதால் தோசையும் இட்லியும் போயின. புளிக்க வைத்த சோயா கிச்சாப்பும் இறால் பிளாச்சானும்கூடத் தப்பவில்லை. மிஞ்சியவை முட்டை, மீன், கோழி, பச்சைக் காய்கறி.

இதற்கு முன் இரண்டு முறை முயன்று தோற்றிருந்தாள். முதல் முறை நாத்தனார் வீட்டு அப்பத்திடம், இரண்டாம் முறை இதே பிரமிளா கொண்டுவந்த தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கிடம். உடம்புக்கு ஆகாது என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் விடுவதில்லை. ஒரு வாய் தின்றால் என்ன என்று ஊட்டிவிட்டு, கூடவே ஒரு கைவைத்தியமும் சொல்வார்கள். இந்த முறை என்ன ஆனாலும் சரி, ஆறு வாரத்தை முடித்தே தீருவது என்று மோகனா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தட்டு மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"விரதம்," என்றாள் மோகனா. அந்தச் சொல் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

பிரமிளாவின் கை சட்டென்று பின்வாங்கியது. "தைப்பூசத்துக்கா? சாரிக்கா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

மேசையில் சிந்திய துகளைக்கூடத் துடைத்துவிட்டுப் போனாள். ஒரு வருடம் கெஞ்சியும் கிடைக்காத மரியாதை ஒரே சொல்லில் கிடைத்துவிட்டது. மோகனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சந்தோஷம் மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் உள்ளே பொரித்த மீன், எதிரே பிரமிளா. திறந்த வேகத்தில் மூடினாள். விரதக்காரி மீன் தின்னலாமா? பத்தியத்தில் சோறு கிடையாது, விரதத்தில் கவிச்சி கிடையாது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டது அவித்த கீரையும் வெள்ளரிக்காயும்தான். வீட்டுக்குப் போய்க் கோழியை ஒரு கை பார்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அதற்கும் வழியில்லாமல் போயிற்று. பிரமிளாவின் பெரியம்மா வடிவம்மாள், ஆயர் ஈத்தாமில் மோகனா குடியிருக்கும் அதே அடுக்குமாடியில் இருப்பவர். ஆண்டுதோறும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. பிரமிளா சொன்னதைக் கேட்டு இரண்டே நாளில் மஞ்சள் சேலையோடு வாசலில் வந்து நின்றார். மோகனாவைச் சேர்த்தால் குழுவில் பன்னிரண்டு பேர், பேரும் கொடுத்தாகிவிட்டது என்றார். மோகனா வாயைத் திறப்பதற்குள் அவள் கணவன் குகன் முந்திக்கொண்டான்.

"எனக்குப் பெருமையா இருக்கு மோகனா. நானும் உன்கூட சைவம்."

சொன்னதோடு நிற்காமல் ஐஸ்பெட்டியிலிருந்த கோழி, மீன், முட்டை எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். நல்ல மனிதன்தான். அன்றைக்கு மட்டும் அவனை என்ன செய்தால் தகும் என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமைதோறும் குழுவின் பூஜை. குழுவில் ஒருவரான துளசி அக்கா சர்க்கரைப் பொங்கலைக் குண்டானோடு கொண்டுவந்து, தன் கையாலேயே எல்லாருக்கும் பரிமாறுவார். மோகனாவின் இலையில் நெய் மினுங்க ஒரு கரண்டி விழுந்தது.

"அக்கா, நான் இனிப்பு விட்டிருக்கேன்."

"அப்ப வாழைப்பழம் எடுத்துக்கம்மா."

"பழமும் விட்டிருக்கேன்."

"வெறுஞ்சோறாச்சும் கொஞ்சம்?"

"அதும்தான்."

துளசி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, தங்கள் பொங்கலையும் தொடாமல் பொட்டலம் கட்டிக்கொண்டார்கள். தன்னால் அவர்களும் பட்டினியா என்று மோகனாவுக்கு உறுத்தியது. அவள் கடுந்தவம் செய்கிறாள் என்ற பேச்சு அந்த வாரமே பசார் வரைக்கும் போய்விட்டது.

கீரையைத் தின்று தின்று கண் இருண்டது. ஒரு சாயங்காலம் பசார் பின்புறம் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவித்த முட்டையை முழுசாக வாய்க்குள் தள்ளினாள். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். திரும்பினால் துளசி அக்கா. மோகனா சட்டென்று கண்ணை மூடிக் கை கூப்பினாள். அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

"மௌன விரதமா? நீ பேச வேணாம்மா," என்றார் துளசி அக்கா. மகளுக்கு எட்டு வருடம் கழித்து இப்போதுதான் கரு தங்கியிருக்கிறதாம், அதற்காகத்தான் இந்தப் பால்குடமாம். "என் வாயவிட ஒன் வாய்க்கு மதிப்பு ஜாஸ்தி. நல்லபடியா பொறக்கணும்னு எம்மகளுக்காக வேண்டிக்க."

மோகனா தலையாட்டினாள். முட்டை தொண்டையில் சிக்கிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்துத் துளசி அக்காவும் அழுதார்.

அன்றிரவு மோகனாவுக்குத் தூக்கம் வரவில்லை. மதிப்புள்ள வாயாம். பொய்யும் முட்டையும் அடைத்த வாய். அந்த அம்மாளின் நம்பிக்கையை இப்படி ஏமாற்றுவது பாவம் என்று மனசு அடித்துக்கொண்டது. பால்குடத்தை இறக்கியதும் வடிவம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, குழுவைவிட்டுத் துரத்தினாலும் சரி என்று முடிவெடுத்தாள். அன்றோடு முட்டையையும் விட்டாள்.

தைப்பூசத்தன்று ஆறு வாரம் முடிந்தது. தலையில் பால்குடத்தோடு வெறுங்காலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறினாள். வயிறு ஒரு வருடத்தில் இல்லாத அளவுக்கு லேசாக இருந்தது. உச்சியில் பாலைக் கொடுத்துவிட்டு, துளசி அக்காவின் மகளுக்காக மனசார வேண்டிக்கொண்டாள். அதில் பொய் இல்லை. பிறகு வடிவம்மாளை ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"அக்கா, என்னைய மன்னிச்சிருங்க. எனக்கு வேண்டுதலே கெடையாது. இது கிளினிக்ல சொன்ன பத்தியம், கேண்டிடாவுக்கு. சாப்பிடு சாப்பிடுன்னு உயிர எடுக்குறாங்கன்னுதான் விரதம்னு பொய் சொன்னேன்."

வடிவம்மாள் கோபப்படவில்லை. மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தார். துளசி அக்கா கண்மூடி நின்றிருந்தார். மற்றவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மெதுவா பேசுலா, துளசிக்குக் கேட்டா மனசு ஒடஞ்சிரும்," என்றார் வடிவம்மாள். "சாமிக்குன்னு வந்தது அவ ஒருத்திதான், நம்ம பதினோரு பேருக்கும் கிளினிக்ல ஷாஹிரா கொடுத்த லிஸ்ட்டுதான்."