நகர வழியில்லாதவருக்குப் பாதி வெற்றியா?

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும் எங்கள் பெண்ணும் எல்லா அளவிலும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். இதை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம், கீழே போகப் போக இதற்கு இடம் கிடைக்குமா என்பது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் "மாமா, ஒரு நிமிஷம்" என்று போனை எங்கள் பெண்ணிடம் கொடுத்துவிடுவீர்கள். அவள் மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பாள். எனக்குக் கோபம் மறந்து போகும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. மருமகனுக்கு மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்று உங்கள் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆகையால் மரியாதையாகவே சொல்கிறேன்: நீங்கள் செய்தது பச்சை அநியாயம்.

ஒன்பது நாளைக்கு முன்னால் எனக்கும் உங்கள் தந்தையாருக்கும் நடந்த செஸ் ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். வருஷத்தில் உங்கள் இருவருக்கும் ஊருக்கு வர முப்பது நாள் லீவு. உங்கள் அப்பா வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. போன வருஷம் அங்கே இருபத்திரண்டு நாள், இங்கே எட்டு நாள் இருந்தீர்கள். உங்கள் அம்மா போன பிறகு சம்பந்தி தனியாக இருக்கிறார், பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்று ஒவ்வொரு வருஷமும் நாங்கள்தான் விட்டுக் கொடுத்தோம். இந்த வருஷம் முப்பது நாளும் எங்களுக்கு வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் முடியாது என்றார். அப்போது நீங்கள்தான், "ரெண்டு பேரும் ஒரு செஸ் ஆட்டம் ஆடுங்க, ஜெயிக்கிறவர் வீட்ல முப்பது நாள்" என்று எழுதி அனுப்பினீர்கள். அது வேடிக்கைக்கு எழுதியது என்று இப்போது சொல்கிறீர்கள். முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். எழுத்தில் வந்தால் எங்களுக்கு அது உத்தரவு. நீங்கள் அனுப்பிய செஸ் சொற்பட்டியல் இரண்டு பக்கத்தையும் பதினோரு நாளில் மனப்பாடம் செய்தேன். காய் நறுக்கிக்கொண்டே உங்கள் அத்தை கேள்வி கேட்பாள், நான் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே பதில் சொல்வேன். காஸ்லிங் என்றால் என்ன, காம்பிட் என்றால் என்ன, ஃபோர்க் என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லைத் தெரிந்துகொண்டால் ஆட்டம் தெரிந்துவிட்டதாக நினைத்தது என் தப்புதான், அதை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ளும் ஒரே தப்பு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்க சாப்பாட்டு மேஜையில பலகையை விரிச்சாச்சு. எனக்கு வெள்ளை, உங்கப்பாவுக்குக் கறுப்பு. நடுவரான நீங்க போன்ல முகத்தைக் காட்டி, சர்க்கரை டப்பா மேல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தீங்க. ரெண்டாவது நகர்த்தல்லயே உங்கப்பா ஒரு சிப்பாயைக் கொண்டுவந்து, வெட்டிக்கோன்னு என் சிப்பாய்க்கு எட்டுற இடத்துல வச்சார். காம்பிட்ன்னா லாபத்துக்காகக் காயைப் பலி கொடுக்கிறதுன்னு எனக்குத் தெரியும். ஆனா கொடுக்கிறவர் சம்பந்தி ஆச்சே, மரியாதைக்குக் கொடுக்கிறார்னு நினைச்சுட்டேன். "எதுக்கு சம்பந்தி இதெல்லாம்"னு சொல்லிட்டு எடுத்துக்கிட்டேன். உங்க அத்தை அடுப்படியிலேருந்து கண் காட்டினா. சம்பந்தி வீட்டுலேருந்து ஒண்ணு வந்தா வெறுங்கையோட அனுப்பலாமா? சரின்னு நானும் என் ராஜாவுக்கு முன்னாடி இருந்த சிப்பாய்ல ஒண்ணை அவர் வெட்டுறதுக்குத் தோதா நகர்த்தி வச்சேன். மனுஷன் ஒரு நன்றிகூடச் சொல்லலை. வெட்டி எடுத்துக்கிட்டு, அந்தச் சந்துலயே பிஷப்பை அனுப்பி "செக்"ன்னார். இப்படி ஒரு குடும்பத்துல பொண்ணைக் கொடுத்திருக்கோமேன்னு அப்பவே நினைச்சேன். மாப்பிள்ளை கோவிச்சுக்கக் கூடாது, நினைச்சது உண்மை.

அதோட விட்டாரா? என் குதிரைக் காதுல தூசி இருந்துச்சு. முப்பத்தோரு வருஷம் கிடங்குல தூசி தட்டின கை சும்மா இருக்குமா? எடுத்து ஒரு ஊது ஊதினேன். தொட்ட காயைத்தான் நகர்த்தணும்னு சர்க்கரை டப்பாவிலேருந்து தீர்ப்பு வந்துச்சு. என் யானைக்குக் காவலே அந்தக் குதிரைதான். குதிரை போச்சு ஒரு பக்கம், யானை போச்சு இன்னொரு பக்கம். சரி, சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். ஆனா உங்கப்பா என்ன பண்ணார்? மருந்துக்கடையில பாட்டிலெல்லாம் லேபிள் முன்னாடி தெரியுற மாதிரி திருப்பித் திருப்பி வச்ச கையில்லையா அது? ராஜாவைத் தொடுவார், "சரி பண்றேன்"பார். ராணியைத் தொடுவார், "சரி பண்றேன்"பார். நான் எண்ணினேன், இருபத்தேழு தடவை. அதுக்கு உங்க தீர்ப்பு, முன்கூட்டியே சொல்லிட்டுத் தொட்டா தப்பில்லையாம். அப்போ நானும் ஊதப்போறேன்னு சொல்லிட்டு ஊதியிருந்தா யானை தப்பிச்சிருக்குமான்னு கேட்டேன். தப்பிச்சிருக்கும்னு கொஞ்சமும் கூசாம சொன்னீங்க. ஒரு வார்த்தைக்கு ஒரு யானை! எந்த ஊர் நியாயம் இது?

அப்புறம் என் சிப்பாய் ஒருத்தன், முதல் அடியா ரெண்டு கட்டம் போய், அவரோட சிப்பாய்க்குச் சிக்காம, அதுக்குப் பக்கத்துல நிம்மதியா நின்னான். அவன் காலடி பட்டு கடந்துபோன கட்டத்துல உங்கப்பா தன் சிப்பாயை வச்சுட்டு, என் ஆளைத் தூக்கிப் போட்டுட்டார். கேட்டா, போற போக்குல வெட்டுறதாம், பட்டியல்ல நாலாவது வரியில இருக்காம். தாண்டிப் போனவனைப் பின்னாலேருந்து கூப்பிட்டு வெட்டுறதுக்குப் பேர் விளையாட்டா? ஒரு தடவைக்கு ஒரு காய்தான் நகர்த்தணும்னு ஆரம்பத்துல சொல்லிட்டு, அவர் காஸ்லிங்னு ராஜாவையும் யானையையும் ஒரே மூச்சுல இடம் மாத்தினப்போ வாயே திறக்கலை நீங்க. நான் அதையே பண்ணப்போனா, உங்க ராஜா ஏற்கெனவே நகர்ந்துட்டார் மாமா, இனிமே கிடையாதுங்கறீங்க. அவர் எதுக்கு நகர்ந்தார்? உங்கப்பாவோட பிஷப்புக்குப் பயந்து நகர்ந்தார். அடிச்சவனுக்குச் சலுகை, அடி வாங்கினவனுக்குத் தண்டனையா? நான் எழுந்து ஜன்னலோரமா போய் நின்னேன். உங்க அத்தை தண்ணி கொண்டுவந்து கொடுத்துட்டு, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு என் காதுல மட்டும் விழுற மாதிரி சொல்லிட்டுப் போனா. வேற யார் சொல்லியிருந்தாலும் நான் பொறுத்திருக்க மாட்டேன்.

ஆனா கடவுள் இருக்கார். சாப்பாட்டுக்கு அப்புறம் உங்கப்பாவுக்குக் கண்ணு சொருகிடுச்சு. கொட்டாவி விட்டுக்கிட்டே ராணியைக் கொண்டுவந்து என் பிஷப்புக்கு நேரா வச்சார், "சரி பண்றேன்"னுகூடச் சொல்லலை. எடுத்தேன். அதுக்கப்புறம் எனக்கு நல்ல காலம். ஒவ்வொண்ணா எடுத்து, ஜன்னல் விளிம்புல உயரவாரியா வரிசை கட்டி அடுக்கினேன். மூணு மணிக்கெல்லாம் பதினாலு காய் ஜன்னல்ல. அவர்கிட்ட மூலையில ஒதுங்கின ராஜாவும், பலகையோட அந்தக் கோடியில ஒத்தைச் சிப்பாயும்தான் பாக்கி. என் யானையைக் கடைசி வரிசைக்குத் தள்ளியிருந்தா அப்பவே செக்மேட்டுன்னு நீங்க அப்புறம் சொன்னீங்க. இருக்கட்டும். ஒரு ஸ்டோர் கீப்பர், ஒத்தைச் சாமானை வெளியில விட்டுட்டுக் கிடங்கைப் பூட்டுவானா? எல்லாத்தையும் உள்ள எடுத்து வச்சுட்டுத்தானே பூட்டணும்? அந்தச் சிப்பாயை எடுத்தேன், பதினஞ்சாவதா ஜன்னல்ல வச்சேன், கையைத் தட்டிக்கிட்டேன், இப்ப உங்க முறை சம்பந்தின்னேன். அவர் பலகையைப் பாத்தார். அப்புறம் போனைப் பாத்தார். அப்பதான் நீங்க அந்த வார்த்தையைச் சொன்னீங்க.

"மாமா, அப்பாவோட ராஜாவுக்கு செக் இல்ல. ஆனா நகர ஒரு கட்டமும் இல்ல. இது ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா."

மாப்பிள்ளை, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையை நான் கேள்விப்பட்டிருக்கேன். தாழியை நடுவரே வந்து உடைச்சதை அன்னிக்குத்தான் பாத்தேன். நான் கேக்குறேன், ஒருத்தருக்கு ராணி இல்லை, யானை இல்லை, குதிரை இல்லை, மூலையில முட்டிக்கிட்டு நிக்கிறார், இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது. அவர் தோத்தவரா இல்லையா? உலகத்துல எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனா உங்க சட்டப்படி அவருக்குப் பாதி வெற்றி, எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கிற எனக்கும் பாதி வெற்றி. ஆகவே அங்க பதினஞ்சு நாள், இங்க பதினஞ்சு நாள். போக இடமில்லாம நிக்கிறதே ஒரு சாமர்த்தியம்னா, எங்க கிடங்குல லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிட்டவனுக்கெல்லாம் பதவி உயர்வு கொடுத்திருக்கணும். இதை நான் அங்கேயே சொன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். உங்கப்பா தன் பலகையை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டார். இந்த ஒன்பது நாளா எங்களுக்குள்ள பேச்சு இல்லை. எதிர்ல வந்தா நான் இந்த ஓரம், அவர் அந்த ஓரம்.

ஒண்ணை மட்டும் மறைக்காம சொல்லிடறேன். எனக்கு செஸ்ஸும் முக்கியமில்லை, ஜெயிக்கிறதும் முக்கியமில்லை. எங்க பொண்ணைப் பாத்துப் பதினாலு மாசமாச்சு. அவ அறை ஜன்னலுக்கு நானே கொசுவலை அடிச்சேன், கட்டைவிரல்ல சுத்தியல் பட்டு நகம் கறுத்துடுச்சு. காலையில எழுந்து ஹாலுக்கு வந்தா அவ உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கணும், அவ்வளவுதான் என் ஆசை. அப்படி முப்பது காலை வேணும்னு கேட்டேன். பதினஞ்சுங்கறீங்க. நியாயமாப் பாத்தா நான் கோபப்படக் கூடாது, அழணும். அழுதா உங்க அத்தை பயந்துடுவா, அதனால கோபப்படறேன்.

ஆகவே, தாங்கள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, நான் ஜெயித்ததாக அறிவித்து, முப்பது நாளும் எங்கள் வீட்டிலேயே தங்க வேண்டியது. இல்லையென்றால் இந்த விளையாட்டுக்கு விதி எழுதினவர்கள் யாரோ அவர்கள் விலாசத்தையாவது அனுப்பவும், நான் அவர்களிடம் பேசிக்கொள்கிறேன். இனி இந்த ஜன்மத்தில் உங்கள் அப்பாவோடு ஒரே மேஜையில் உட்கார மாட்டேன் என்பதையும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இது கோபத்தில் சொல்வதல்ல, யோசித்துச் சொல்வது.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த ஆரோக்கியமும் நேரத்துக்குத் தூக்கமும் வாய்க்கட்டும். எங்கள் பெண்ணிடம் நான் தினமும் மாத்திரை போடுவதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
மனம் நொந்த உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளது செவ்வாய்க்கிழமை எழுதினது. இன்னிக்கு சனிக்கிழமை. எழுதி முடிச்ச அன்னிக்கே, உறையை ஒட்டுறதுக்குள்ள வாசல்ல மணி அடிச்சுது. திறந்தா உங்கப்பா, கையில பலகையோட நிக்கிறார். 

"சம்பந்தி, அந்த ஆட்டத்தை வீட்ல நானே ரெண்டு பக்கமும் உட்கார்ந்து ஆடிப் பாத்தேன். ஒத்தை ஆளா ஆட முடியலை"ன்னார்.

நான் என்ன பண்றது? நாற்காலியை இழுத்துப் போட்டேன். அன்னிக்கு மூணு ஆட்டம், மறுநாள் அஞ்சு. இந்தக் கடிதத்தையும் படிக்கக் கொடுத்தேன். நியாயமெல்லாம் என் பக்கம்தானாம், ஆனா டிரா டிராதானாம். நேத்து படுக்கை, மாத்திரைப் பெட்டி எல்லாம் கொண்டுவந்து, கொசுவலை அடிச்ச அறையிலயே தங்கிட்டார். இருநூறு ஆட்டத்துக்குப் பந்தயம், முடிய எப்படியும் ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதனால நீங்க ரெண்டு பேரும் முப்பது நாளும் அவர் வீட்லயே சௌகரியமா இருந்துக்கலாம். சாவி எங்ககிட்டதான் இருக்கு. பொண்ணு தினம் காலையில மட்டும் இங்க வந்து பேப்பர் படிச்சுட்டுப் போகட்டும், பேச்சுக் கொடுக்க வேண்டாம், அது யோசிக்கிற நேரம்.

இதை உங்க அத்தைகிட்ட சொன்னேன். பொண்ணு எங்கயோ அங்கதான் நானும்னு சொல்லி, துணிமணியை எடுத்து அடுக்கிட்டா. இப்ப இந்த வீட்ல மிஞ்சப்போறது நானும் சம்பந்தியும்தான். பலகையில ரெண்டு ராஜா மட்டும் மிஞ்சினா யாராலயும் ஜெயிக்க முடியாது, அதுவும் டிராதான்னு அவர் சொல்றார். நீங்கதானே நடுவர், உங்க அத்தையைத் திரும்பக் கொண்டுவர ஏதாவது விதி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. எங்க ரெண்டு பேருக்கும் வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும்.