உரச் சாக்குக்குள் ஒரு காய்ச்சல்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைக் கொழுந்து பறிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆறாவது நாள் மேலதிக வகுப்பு. ஏழாவது நாளும் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அரை ஏக்கரில் முதுகு வளைய வேண்டுமா?

மனைவி விஜயலெட்சுமி ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இருபது வருஷம் கொழுந்து பறித்தவள். சண்டைக்கு வரவில்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“சரிங்க, நானே பறிக்கிறேன். பெக்டரி லொறி வர்ற வரைக்கும் கொழுந்த நீங்க பாத்துக்கங்க. கெடாம ஏத்திவிட்டீங்கன்னா, இனி ஞாயித்துக்கிழமை பூரா உங்களுக்குத்தான்.”

“இவ்வளவுதானா?”

“நெழல்ல பரப்பி வைங்க. சாக்குல போட்டு அமுக்காதீங்க. அது மூச்சு விடும்.”

“பறிச்ச கொழுந்து மூச்சு விடுமா? யாருக்கு விஞ்ஞானம் சொல்லித் தர்ற?”

“உங்களுக்குத்தான்.”

பத்து மணிக்கு, பறித்ததை முற்றத்தில் கொட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். பரப்பினால் கோழி கிளறும், ஆடு மேயும், நான் காவல் இருக்க வேண்டும். டிவியில் மெட்ச். எல்லாவற்றையும் ஒரே உரச் சாக்கில் திணித்தேன். அடங்கவில்லை. ஏறி மிதித்தேன். அடங்கியது.

மூன்று மணிக்கு லொறி சத்தம். சாக்கைத் தூக்கினால், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கியது போலச் சூடு! அவிழ்த்தேன். முகத்தில் ஆவி அடித்தது. கொழுந்து சிவந்திருந்தது. விசிறினேன். ஊதினேன். கெஞ்சினேன்.

லொறிக்காரன் புவனேந்திரன் என் பழைய மாணவன். உள்ளே கையை விட்டவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“சேர், இது வெந்திருச்சு.”

“வெயில்ல வைக்கவே இல்லப்பா.”

“வெயில் எதுக்கு சேர்? பறிச்சாலும் எலையில இருக்கிற கலமெல்லாம் உசிரோடதானே இருக்கு. உள்ள இருக்கிற சீனிய ஒட்சிசனோட சேர்த்து எரிச்சு சக்தி எடுக்குது. அதுல பெரும்பங்கு சூடாத்தான் வெளிய வருது. பரப்பி வச்சா காத்தோட போயிரும். அமுக்கி வச்சா எங்க சேர் போகும்? நீங்கதானே பத்தாம் வகுப்புல சொன்னீங்க. சொல்லத் தெரியாம நான் முட்டி போட்டேனே!”

லொறி கொழுந்தை ஏற்றாமலே போனது. விஜயலெட்சுமி வந்து நின்றாள்.

“ஒரு நாள் கொழுந்து பூரா போச்சே, விஜயா...”

“பூராவா? நான் பறிச்சது ரெண்டே நெரைங்க. மிச்சம் எட்டு நெரை செடியிலதான் இருக்கு. அஞ்சு மணிக்குத் திரும்பி வரச்சொல்லி புவனேந்திரன்கிட்ட காலையிலேயே சொல்லிட்டேன்.”

கூடையை நீட்டினாள். தலையில் மாட்டும் அதன் கயிறு ஏற்கெனவே என் தலைக்கு அளவாக முடிச்சுப் போடப்பட்டிருந்தது.