எட்டுப் படி முன்னேற்றம்

இலையுதிர்காலத் தவணை தொடங்கினால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றறிக்கை ஒன்று வந்தே தீரும். அதற்கு முந்தின வருஷம், அதாவது இரண்டு வருஷம் முன்னால், பேன் ஒழிப்பு. போன வருஷம் மனமகிழ்ச்சி. இந்த வருஷம் இயற்கை.

இங்கிலாந்தின் சாமர்செட்டில் எங்கள் ஊரைச் சுற்றி நாலு பக்கமும் இயற்கையைத் தவிர வேறு ஒரு மண்ணும் கிடையாது. பள்ளியில் நாற்பத்தொரு பிள்ளைகள். அத்தனையும் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். நான் மாட்டுப்பண்ணைக்காரன், லென் ஹெம்ப்ரோ. பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதி. தேர்தல் கூட்டத்துக்கு நான் போகவில்லை, அதனால் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

சுற்றறிக்கை சொன்னதாவது: "நமது சிறார்கள் இயற்கையோடு உறவறுந்து தவிப்பதால், வனவழிக் கல்வித் திட்டம் இத்தவணை முதல் அமலுக்கு வருகிறது. செப்டம்பரில் அடிநிலைத் தேர்வும் டிசம்பரில் இறுதித் தேர்வும் நடைபெறும். இடையே ஆறு படி முன்னேற்றம் காட்டாத சிறு பள்ளிகள், அருகிலுள்ள பெரிய பள்ளியோடு அன்புடன் இணைக்கப்படும்."

அன்புடன் இணைப்பது என்றால் இழுத்து மூடுவது. அருகில் என்றால் பதினாலு மைல். என் மகள் டில்லிக்கு ஏழு வயசு, பஸ்ஸில் இரண்டாவது வளைவு திரும்புவதற்குள் வாந்தி எடுப்பாள். அவளைக் காலை ஆறரைக்கு இருட்டில் பஸ் ஏற்றிவிட வேண்டியிருக்கும்.

திட்டத்தை விளக்க மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஸ்பிங்க் வந்தார். பதவி: வனவழிக் கற்றல் முன்னேற்ற அலுவலர். காலில் பச்சை ரப்பர் பூட்ஸ், அதில் பொட்டுச் சேறு கிடையாது.

"எங்க பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியுமே சார்," என்றார் தலைமையாசிரியை மிஸஸ் வவுல்ஸ். "மரம், செடி, பறவை, என்ன வேணா கேளுங்க. பத்துக்குப் பத்து வாங்குவாங்க."

"எப்போ?"

"இப்பவே."

ஸ்பிங்க் முகம் வாடிப்போயிற்று. "அப்போ டிசம்பர்ல?"

"அப்பவும் பத்துதான்."

"பத்துல பத்து போனா?"

"பூஜ்யம்."

"பூஜ்ய முன்னேற்றம்," என்றார் அவர், துக்கம் விசாரிக்கிற குரலில். "ரொம்ப மோசமான பள்ளிக்கூடங்க இது. மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

"பதினொண்ணு, பன்னெண்டுன்னு ஏதாவது இருக்கா சார்?" என்று நான் கேட்டேன்.

"படிவத்துல இடம் இல்லீங்க."

போகிறபோது ஒரு ஆறுதல் சொன்னார். நகரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் புல்லுக்கும் கம்பளத்துக்கும் வித்தியாசம் தெரியாதாம். போன வருஷம் நடந்த முன்னோட்டத்தில் முன்னேற்றக் கேடயம் அவர்களுக்குத்தான். கார் கண்ணுக்கு மறைந்ததும் மிஸஸ் வவுல்ஸ் என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். "ஹெம்ப்ரோ, பிள்ளைங்களுக்கு எல்லாத்தையும் மறக்கச் சொல்லிக்கொடுக்கணும். பதினோரு நாள்தான் இருக்கு," என்றார்.

அன்று சாயங்காலமே டில்லியை உட்காரவைத்தேன்.

"கான்கரைக் காட்டி இது என்னன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

நூலில் கோத்து ஒன்றோடொன்று மோதி உடைக்கிற கொட்டைதான் கான்கர். அவள் கோட்டுப் பையில் அப்போதே பதினெட்டு இருந்தது.

"கான்கர்னு சொல்லுவேன்."

"சொல்லக்கூடாது."

"ஏன்? அது கான்கர்தானே?"

"தெரியாதுன்னு சொல்லணும் கண்ணு. முழிக்கணும். எங்க, முழி பாப்போம்."

"அது பொய்யில்லையாப்பா?"

"பொய் இல்லம்மா. அடிநிலை."

எனக்கே என்னைப் பார்த்துத் தூவென்று துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் நன்றாக முழிக்கப் பழக்கிவிட்டேன்.

தேர்வு நாளில் ஸ்பிங்க் கான்கரை நீட்டினார். டில்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, "மிட்டாயா சார்?" என்றாள். இன்னொரு பிள்ளை மழையைக் காட்டி "மேல யாரோ குழாயை மூடலை" என்றது. அது நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை, சொந்தச் சரக்கு. பள்ளியின் சராசரி இரண்டு.

"பரிதாபம்!" என்றார் ஸ்பிங்க், கண் பளபளக்க. "இப்படியொரு பரிதாபத்தை நான் பாத்ததே இல்ல. உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு."

அதன்பின் செவ்வாய்க்கிழமைதோறும் வனவழி வகுப்பு. வனம் என்பது என் மேய்ச்சல் நிலத்தில் நிற்கிற ஓக் மரம். என் மகளை என் நிலத்துக்குள் விட எனக்குச் சம்மதம் என்று மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுத்தேன். மஞ்சள் சட்டை, தலைக்கவசம், எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடித்து வரிசையாக வந்தார்கள். மரத்துக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது முதல் பாடம்.

"வணக்கம் மரமே, என் பேரு டில்லி," என்றாள் என் பெண். அந்த மரத்தில் நாலு வயசிலிருந்து ஊஞ்சலாடுகிறவள்.

அறுவடைத் திருவிழாவன்றுதான் வினை வந்தது. தேவாலயத்தில் பிள்ளைகள் காய்கறி சுமந்து வரிசையாக வருகிற நேரம் பார்த்து ஸ்பிங்க் பின்வாசல் வழியாக நுழைந்தார். அக்டோபரில் பிள்ளைகள் நாலாம் படியில் நிற்க வேண்டும் என்பது அட்டவணை. காய் என்று தெரியலாம், என்ன காய் என்று தெரியக்கூடாது. சபீனா சப் என்கிற பொடிசு தன் உயரத்துக்குப் பாதி இருக்கிற பூசணியோடு வந்துகொண்டிருந்தாள். அவள் அப்பா வளர்த்தது. கண்காட்சியில் மூன்று வருஷமாக முதல் பரிசு அந்த ஆளுக்குத்தான்.

"அழகா இருக்கே, என்னம்மா இது?" என்றார் ஸ்பிங்க்.

சபீனா அப்பாவைப் பார்த்தாள், மிஸஸ் வவுல்ஸைப் பார்த்தாள். "ஏதோ காய் சார்."

"யாரு வளத்தது?"

"யாரும் இல்ல சார். தானா வந்துச்சு."

முன்வரிசையில் அவள் அப்பா சப் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். ஏப்ரலிலிருந்து அந்தப் பூசணிக்குப் பக்கத்திலேயே கிடந்த மனிதர். "பள்ளிக்கூடத்துக்காகத்தானேப்பா, விடு," என்று தோளைத் தட்டினேன். "தெரியும், ஆனா நெஞ்சு கேக்கலையே லென்," என்றார்.

டிசம்பர் வந்தது. தெரிந்ததைச் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தோம். மூன்று மாதம் அடக்கிவைத்த பிள்ளைகள் அணை உடைந்த மாதிரி கொட்டினார்கள். எழுத எழுத ஸ்பிங்க்குக்குக் கை வலித்தது. பத்துக்குப் பத்து. எட்டுப் படி முன்னேற்றம். மாவட்டத்திலேயே முதலிடம். பள்ளி தப்பித்தது. கொதிக்கக் கொதிக்க ஆப்பிள் மது காய்ச்சி ஊரே குடித்தோம். மிஸஸ் வவுல்ஸ் அழுதார், நானும்தான்.

ஜனவரியில் கடிதம் வந்தது.

"பாராட்டுகள். எனினும், இச்சிறார்கள் செப்டம்பரில் கொண்டிருந்த அதிர்ச்சியூட்டும் அறியாமைக்கு இல்லச் சூழலே காரணம் எனத் தெளிவாகிறது. ஆகவே பெற்றோருக்கான இயற்கை அறிமுக வகுப்பு நடத்தப்படும். அதற்கும் அடிநிலைத் தேர்வு உண்டு. இதில் அதிக மதிப்பெண் பெறும் பெற்றோர், அறிந்திருந்தும் பிள்ளைகளிடம் மறைத்தவர்களாகக் கருதப்படுவர். அவ்வாறாயின் பள்ளியின் முன்னேற்றம் மறு ஆய்வுக்கு உள்ளாகும்."

மறு ஆய்வு என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பஸ் திரும்புகிற இரண்டாவது வளைவு என் கண் முன்னால் வந்து நின்றது.

வகுப்பறையில் குட்டி நாற்காலிகளில் பத்தொன்பது விவசாயிகள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தோம். சப்பிடம் கேரட்டைக் காட்டினார்கள். "மெழுகுவத்தி," என்று கணீரென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் முறை வந்தது. ஸ்பிங்க் ஒரு பெரிய படத்தைத் தூக்கிப் பிடித்தார். படத்தில் என் மாடு. சாலையோரம் நின்று எடுத்திருக்கிறார்கள். காதில் என் பண்ணை எண்ணே இருந்தது. அது கன்று போட்டபோது கூடவே இருந்து இழுத்தவன் நான்.

"இது என்னன்னு தெரியுதுங்களா?"

நான் முழித்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலாகப் போகிறது. கை தானாகக் கோட்டை எடுத்துவிட்டது. "மன்னிக்கணும் சார், எனக்கு நேரமாச்சு. பால் கறக்கணும்."

ஸ்பிங்க்கின் பேனா நின்றது. "எதுலேருந்து?"

 அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மிஸஸ் வவுல்ஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுதான் சார் எனக்கும் புரியல," என்றேன். "இருபத்தாறு வருஷமா கறக்கிறேன்."

ஸ்பிங்க் பூஜ்யம் போட்டார். ஊரே எழுந்து நின்று கை தட்டியது.